நாபோத்தின் தோட்டமும் யோயாக்கீமின் கணப்புச் சட்டியும்: இஸ்ரயேலின் தீய அரசர்களைக் குறித்து

பண்டைய இஸ்ரயேல், யூதா அரசுகளின் வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் விரைவிலேயே ஒரு வினாவை எழுப்புகின்றனர். இராஜாக்களின் நூல்கள் ஒவ்வோர் அரசனையும் நல்லவன் அல்லது தீயவன் எனத் தீர்ப்பிடுகின்றன. வடநாட்டு அரசர்களில் ஏறத்தாழ அனைவரும் தீயவர் வரிசையிலேயே நிற்கின்றனர். ஆனால் கல்வெட்டுகளும் அகழாய்வுகளும் அவர்களுள் சிலரைத் திறன்மிக்க ஆட்சியாளர்களாகக் காட்டுகின்றன. அப்படியானால் அந்நூலாசிரியர் அவர்களுக்கு அநீதி இழைத்தாரா?

ஆகாபை எடுத்துக்கொள்வோம். அவன் தந்தை உம்ரி, இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கிச் சமாரியா நகரை எழுப்பியவன். உம்ரி மோவாபை அடக்கியாண்டதை, அவனுடைய பகைநாட்டு அரசனான மேசாவின் கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. 1868ஆம் ஆண்டு இன்றைய யோர்தானின் திபானில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்வெட்டு இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.மு. 853இல் அசீரியப் பேரரசன் மூன்றாம் சல்மனாசாரைக் கர்க்காரில் எதிர்த்து நின்ற கூட்டணியில் ஆகாபும் ஒருவன். குர்க் கல்வெட்டு அவனுக்கு 2,000 தேர்களையும் 10,000 காலாட்படையினரையும் கணக்கிடுகிறது. தேர்களின் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என வாதிடும் அறிஞர்கள் உண்டு. எனினும் அவன் எளிய சிற்றரசன் அல்லன் என்பதில் ஐயமில்லை.

இச்சிறப்புகளை நூலாசிரியர் அறியாதவர் அல்லர். ஆகாப் கட்டிய தந்த மாளிகையையும் நகரங்களையும் ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு, எஞ்சியவற்றை அரசக் குறிப்பேட்டில் காணுமாறு வாசகரை அனுப்பிவிடுகிறார். படைபலமும் கட்டடங்களும் அவருடைய அளவுகோல் அல்ல.

அவருடைய அளவுகோலையும் நாம் ஐயத்துடனேயே அணுக வேண்டும். இந்நூல்களின் முதன்மைக் குற்றச்சாட்டு வழிபாடு பற்றியது. பெத்தேலிலும் தாணிலும் வைக்கப்பட்ட கன்றுக்குட்டிகள், பாகாலின் பலிபீடம், மேடைகள் என அப்பட்டியல் நீளும். எருசலேம் ஆலயத்தையே நடுவாகக் கொண்ட பார்வை அது. யூதாவின் அரசன் மனாசே இதற்குத் தக்க சான்று. 55 ஆண்டுகள் ஆண்ட அவனே நாட்டின் அழிவுக்குக் காரணம் என்கின்றன இராஜாக்களின் நூல்கள். நாளாகமமோ அவன் சிறைப்பட்டு, மனம் வருந்தி, மீண்டும் அரியணை ஏறியதாகக் கூறுகிறது. அசீரிய ஆவணங்களில் அவன் பேரரசுக்குக் கட்டுமானப் பொருள் அனுப்பிய பணிவான சிற்றரசருள் ஒருவன். ஓர் அரசனுக்கு மூன்று சித்திரங்கள். ஆகவே, தீயவன் என்ற சொல்லை மட்டும் கொண்டு வரலாறு எழுத இயலாது.

ஆயினும் வழிபாட்டுச் சர்ச்சையை முற்றிலும் விலக்கிவைத்த பின்னும் சில தீர்ப்புகள் அசையாமல் நிற்கின்றன. நாபோத்தின் வரலாறு அவற்றுள் ஒன்று.

யெஸ்ரயேலில் அரண்மனையை ஒட்டி நாபோத்துக்கு ஒரு திராட்சத் தோட்டம் இருந்தது. அதைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான் ஆகாப். மாற்று நிலமோ விலையோ தருவதாகவும் கூறினான். முன்னோர் சொத்தை விற்பதில்லை என்று நாபோத் மறுத்தான். அரசன் உணவை மறுத்துப் படுக்கையில் முகம் திருப்பிக் கிடந்தான். அதுவரை அவன் செயலில் சட்டமீறல் எதுவுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் அரசி யேசபேல், அரசன் பெயரால் அவன் முத்திரையிட்டு நகரத்து மூப்பர்களுக்குக் கடிதங்கள் அனுப்பினாள். நோன்பு அறிவிக்கப்பட்டது, சபை கூடியது, இரண்டு சாட்சிகள் நாபோத் கடவுளையும் அரசனையும் பழித்ததாகக் கூறினர். அவன் ஊருக்கு வெளியே கல்லெறிந்து கொல்லப்பட்டான்.

மரண தண்டனைக்கு இரு சாட்சிகள் தேவை என்ற விதி இங்கே பிசகாமல் பின்பற்றப்படுகிறது. முறைமை முழுமையாக இருந்தது. நீதி மட்டுமே இல்லை. கடிதம் எழுதியவள் அரசியே ஆயினும், தோட்டத்தைக் கைப்பற்றச் சென்ற ஆகாபிடமே எலியா கொலைக்குக் கணக்குக் கேட்கிறார். தன் முத்திரை எதற்குப் பயன்பட்டது என்று வினவாத ஆட்சியாளன் அதன் பயனைத் துய்க்கும்போது பொறுப்பையும் ஏற்கிறான். பழி முழுவதையும் யேசபேல் மீது சுமத்திய பிற்கால மரபு, மூல நூலின் இந்த நுட்பத்தைத் தவறவிட்டது.

இரண்டாவது தீர்ப்பு யோயாக்கீம் பற்றியது. கி.மு. 609இல் எகிப்தியப் பார்வோன் நேகோவால் அரியணையில் அமர்த்தப்பட்ட இவன், கப்பம் செலுத்த மக்களிடம் வரி தண்டினான். அதே காலத்தில் கேதுரு மரம் பதித்துச் செந்நிறம் பூசிய மாளிகையையும் கூலி கொடாமல் கட்டினான் என்று எரேமியா சாடுகிறார். எரேமியாவின் சொற்களைப் பாருக் எழுதிய சுருள், குளிர்கால மாளிகையில் அவன்முன் வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அப்பகுதியைக் கத்தியால் அறுத்துக் கணப்புச் சட்டியில் எறிந்தான். சுருள் முழுவதும் எரிந்தது. பின்னர் அது மேலும் பல சொற்களுடன் மீண்டும் எழுதப்பட்டது.

எரிக்க வேண்டாம் என்று அன்று அரசனிடம் மன்றாடிய அதிகாரிகள் மூவர். அவர்களுள் ஒருவர் சாப்பானின் மகன் கெமரியா. 1982இல் எருசலேமின் தாவீது நகரப் பகுதியில் நடந்த அகழாய்வில், கி.மு. 586ஆம் ஆண்டின் அழிவு அடுக்கிலிருந்து களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் அதே பெயரும் தந்தை பெயரும் உள்ளன. இருவரும் ஒருவரே என்பது பல அறிஞர்களின் கருத்து. நகரை எரித்த தீ ஆவணங்களை அழித்தது. அவற்றைக் கட்டிய களிமண்ணையோ சுட்டு இறுக்கிக் காத்தது.

தீய அரசர்களின் வரலாற்றை வாசிக்கும்போது நம்மை எலியாவின் பக்கம் நிறுத்திக்கொள்வது எளிது. நம்மில் பெரும்பாலோர் அரசரும் அல்லர், இறைவாக்கினரும் அல்லர். முத்திரையிட்ட கடிதம் வந்து சேரும் மூப்பர்களின் இடத்திலேயே நாம் இருக்கிறோம். யெஸ்ரயேலின் மூப்பர்களுள் ஒருவரும் மறுக்கவில்லை. அவர்கள் பெயரும் எஞ்சவில்லை. கெமரியா மன்றாடினார், அரசன் செவிகொடுக்கவில்லை. எனினும் ஒருவர் அங்கே மறுத்துப் பேசினார் என்பது எழுதப்பட்டிருக்கிறது.