பிடிமானம்: ஆழ்கடற் பணியின் வரலாறும் அதற்குரிய தமிழும்

ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் தளத்தில் உருவான மூன்று பெரும் எண்ணெய் மேடைகள் சபா கடலில் நிற்கின்றன. கிக்கே 2007இலும், குமுசுட்-காக்காப் 2014இலும், மாலிக்காய் 2016இலும் எண்ணெய் எடுக்கத் தொடங்கின. கிக்கேயில் கடலின் ஆழம் ஏறத்தாழ 1,300 மீட்டர். குமுசுட்-காக்காப்பில் 1,200 மீட்டர். இவ்விரு வயல்களிலும் கடற்படுகையிலேயே கிணற்றுத் தலைகளும் வால்வுகளும் குழாய்களும் அமைந்துள்ளன. அங்கே ஒரு வால்வு இறுகிவிட்டால் அதனைத் திருப்புவது எங்ஙனம்? இவ்வினாவின் வரலாற்றையும், அதனைத் தமிழில் எடுத்துரைக்கத் தக்க சொற்களையும் நாம் இங்கு ஆராய்வோம்.

கடலடியில் பணிபுரிதல் தமிழர்க்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கரைக்கு முத்துக்குளித்துறை என்பதே பெயர். அங்கே குளித்தல் என்றால் மூழ்குதல் என்பது பொருள். குளிப்பவர் கல்லின் எடையால் விரைந்து கீழிறங்குவார். தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார். ஆழத்தைப் பாகம் என்னும் அளவால் கூறினர். இம்முறையில் இரண்டு கூறுகளை நாம் மனங்கொள்ள வேண்டும்: ஒன்று, ஆழத்திற்குக் கொண்டுசெல்லும் எடை, மற்றொன்று, மேலுள்ளாரோடு பிணைக்கும் கயிறு. இன்றைய நீரடி ரோபோவும் பெரும்பாலும் கம்பிவடத்தின் முனையிலேயே இயங்குகிறது.

முக்குளிப்பவரை 300 மீட்டருக்குக் கீழே பணிக்கு அனுப்புதல் அரிது. அதற்கப்பால் எந்திரமே செல்ல வேண்டும். 1966 சனவரியில் ஸ்பெயினின் பாலோமாரெஸ் அருகே விமான விபத்தொன்றில் அமெரிக்க ஹைட்ரஜன் குண்டு ஒன்று கடலில் வீழ்ந்தது. 800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து அதனை மீட்க, கர்வ் என்னும் கம்பிவட எந்திரம் அனுப்பப்பட்டது. குண்டின் வான்குடையில் எந்திரமே சிக்கிக்கொள்ள, ஏப்ரல் 7ஆம் நாள் இரண்டையும் ஒருசேர மேலே தூக்கினர். பற்றிய பொருளை விட்டு விலகவும் அறியாத அந்த எந்திரம், நீரடியில் பிடிப்பும் விடுப்பும் எத்துணைக் கடினமானவை என்பதைக் காட்டிற்று.

இக்கடினத்தின் காரணம் பள்ளி மாணவரும் அறிந்த நியூட்டனின் மூன்றாம் விதியே. மிதவைப் பொருளால் எடை சமனாக்கப்பட்ட எந்திரம் நீரில் மிதந்து நிற்கிறது. அது வால்வை வலப்புறம் திருப்ப முயன்றால், அதன் உடல் இடப்புறம் திரும்பும். உந்திகளை இயக்கி எதிர்க்கலாம்; ஆயின் நீரோட்டம் இடைவிடாது தள்ளும்; உந்திகள் கிளப்பும் சேறு ஒளிப்படக் கருவியின் பார்வையை மறைக்கும். எனவே பொறியாளர்கள் கருவிகளிலேயே பிடிமானம் அமைத்தனர். ஒரு முறையில், எந்திரம் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு மறுகையால் வேலை செய்யும். மற்றொரு முறையில், அதன் முன்புறத்து இரு முளைகள் கருவியின் இரு துளைகளுள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். அதன் பின்னரே திருகும் கருவி முன்வரும். இத்தகைய கைப்பிடிகளுக்கும் துளைகளுக்கும் 2002இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 13628-8 பொது அளவுகளை வகுத்தது. ஒருவர் செய்த எந்திரம் மற்றொருவர் செய்த கருவியில் பொருந்துவதற்கு இத்தகைய பொதுமை இன்றியமையாதது.

தமிழகத்திலும் இவ்வரலாற்றின் ஓர் இயல் உண்டு. 1993இல் நிறுவப்பெற்ற சென்னைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், ரஷ்ய நிறுவனமொன்றுடன் இணைந்து ரோசப் 6000 என்னும் எந்திரத்தை உருவாக்கியது. 2010இல் அது நடு இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழத்தை எட்டியது. அதனைச் சுமந்து இறங்கும் கூடு ஒன்று உண்டு. ஆழத்தில் எந்திரம் அக்கூட்டை விட்டு வெளியேறும். பணி முடிந்ததும் திரும்பி வந்து அதனுள் பொருந்தும். மேலே கப்பல் அலையில் ஏறி இறங்க, வடத்தின் வழியே கூடும் ஏறி இறங்கும். அசையும் வாயிலில் அடிபடாமல் நுழைவதே அங்கு அரிய செயல்.

அதே 2010இல் மெக்சிகோ வளைகுடாவில், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை துளைத்த கிணறு வெடித்தது. அடைப்புக் கருவியை இயக்க எந்திரங்கள் முயன்றும் ஒழுக்கு நிற்கவில்லை. ஆழத்தில் மனிதனின் கை எந்திரத்தின் கையே என்பதை உலகம் அன்று கண்கூடாகக் கண்டது.

இனிச் சொற்களுக்கு வருவோம். இச்செயல் முழுவதையும் இணைப்பு என்ற ஒரே சொல்லால் குறித்தால் அதன் படிகள் மறைந்துவிடும். கப்பல் கரையணைதல் என்பது நம் வழக்கு. எந்திரம் கருவியை நெருங்கிப் பொருந்துவதை அணைதல் எனலாம். பூட்டிக்கொள்வதைப் பிணித்தல் எனலாம். ஆடாது நிற்பதை நிலைத்தல் எனலாம். மூன்றும் புதுச்சொற்கள் அல்ல. கடலோரத்தாரும் புலவரும் ஆண்ட சொற்களே. கப்பல் என்னும் நம் சொல்லை மலாய்மொழி இன்றும் தன் சொல்லாக வழங்கி வருகிறது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003 முதல் ஆங்கிலத்திற்கு மாறிய அறிவியலும் கணிதமும் மீண்டும் தமிழுக்குத் திரும்ப, 2009இல் முடிவு எடுக்கப்பட்டது. ஆனால் பாடமொழி தமிழாதல் மட்டும் போதாது. மாணவர் தம் ஊரில் நடக்கும் தொழிலைத் தமிழில் விளக்க இயல வேண்டும். பாசிர் கூடாங்கில் மேடை ஒன்று எழுவதைக் காணும் மாணவர், அதற்குக் கீழே எந்திரம் அணைந்து, பிணித்து, நிலைத்துப் பணி செய்வதைத் தம் மொழியில் சொல்லட்டும். அதற்கான சொற்களை வகுப்பறையில் புழக்கத்திற்குக் கொண்டுவருதல் ஆசிரியர் கடமையாகும்.