வட்டகொடை எந்தக் கட்டத்துக்குள் விழுகிறது? வானிலை உருவகிப்பில் மீத்திறன் கணினியும் மென்பொருள் கொள்கலனும்

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ரயில் மூச்சுவாங்கி ஏறும் வழியில் இருக்கிறது வட்டகொடை. ஒரே தோட்டத்தின் கீழ்க்கணக்கில் மழை கொட்டும்போது மேல்கணக்கில் வெயில் காய்வது அங்கே யாருக்கும் புதினமல்ல. பெரட்டுக்களத்தில் ஆட்களை மலைமலையாகப் பிரித்து அனுப்பும் கங்காணிக்கு அது அன்றாடக் கணக்கு. வானிலையைக் கணித்துச் சொல்லும் பொறிகளின் கண்ணிலோ இந்த வேறுபாடு நெடுங்காலம் படவே இல்லை. கீழ்க்கணக்கையும் மேல்கணக்கையும் விடுவோம். மலையகம் என்ற ஒன்று இருப்பதே அவற்றுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

மீத்திறன் கணினிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதுகிறார்கள். எந்த ஆண்டில் எந்த நாடு எத்தனை பெட்டாஃப்ளொப்ஸ் எட்டியது என்ற ஓட்டப்பந்தயக் கணக்கு அது. அந்தப் பந்தயத்தில் ஓடாத இலங்கை போன்ற நாட்டின் மலைச்சரிவுக்கு அந்த வேகம் எந்த வழியாக வந்து சேர்கிறது என்று கேட்டால், கதை வேறு திசையில் போகிறது. பொறி பெரிதான வரலாற்றுக்குப் பக்கத்திலேயே, நிரல் ஒரு பொறியிலிருந்து இன்னொரு பொறிக்குக் குடிபெயரக் கற்றுக்கொண்ட வரலாறும் ஓடுகிறது. மலையகத்துக்கு இந்த இரண்டாவது வரலாறே கூடுதலாக வேண்டியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கட்டங்கள் சிறுத்த கதை

எண்வழி வானிலைக் கணிப்பு எளிய எண்ணம் ஒன்றிலிருந்து பிறந்தது. வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம், வெப்பம், ஈரம், காற்று என்ன என்று குறித்து, இயற்பியல் சமன்பாடுகளைக்கொண்டு சில நிமிடங்களுக்குப் பிந்திய நிலையைக் கணித்து, அதிலிருந்து அடுத்த நிலையைக் கணித்துக்கொண்டே போவது. லூயிஸ் ரிச்சர்ட்சன் 1910 மே 20ஆம் நாளின் ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே இப்படிக் கணக்கிட்டு, 1922இல் நூலாக வெளியிட்டார். விடை படுதோல்வி. ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் கூடும் என்று கணக்குச் சொன்னது. உண்மையில் அன்று அது பெரிதாக மாறவே இல்லை. வழி மட்டும் சரியானது. 1950இல் ஜூல் சார்னியின் குழு எனியாக் கணினியில் அதே வழியில் சென்றபோது கட்டத்தின் அகலம் 736 கிலோமீற்றர். 24 மணி நேரக் கணிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே செலவானது. நாளைய வானிலையை நாளைக்கே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு!

இலங்கையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர்; மிகக் கூடிய அகலம் 220. எனியாக் கட்டம் ஒன்றுக்குள் முழுத் தீவும் வேண்டிய மட்டும் இடம் மிச்சமிருக்க அடங்கிவிடும். புதுடில்லியின் தேசிய இடைத்தூர வானிலை முன்கணிப்பு மையம் 1990களில் இயக்கிய டி-80 மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். அதில் தீவுக்குக் கிடைத்தவை ஒருசில கட்டங்கள். கட்டத்தின் உயரம் அதிலுள்ள நிலத்தின் சராசரி என்பதால், 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதலாகலை தாழ்ந்த மேடாகக் கரைந்துபோனது. தென்மேல் பருவக்காற்று மோதி மழையாக மாறும் சுவரே மாதிரிக்குள் இல்லை. திம்புள்ளப் பக்கம் நனையும்போது ஊவாவில் வறண்ட காற்று வீசித் தேயிலைக்கு மணமேற்றும் பருவத்தை அப்படிப்பட்ட மாதிரி எங்கிருந்து காட்டும்?

கட்டத்தைச் சிறிதாக்க விலை உண்டு. அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும்; கணிப்பின் காலப்படியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். 12 கிலோமீற்றரிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றருக்கு இறங்க, இப்படி மூன்று தடவை பாதியாக்க வேண்டும்: 512 மடங்கு வேலை. வானிலைக்காரர்கள் மீத்திறன் கணினிகளை விடாமல் துரத்துவதன் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

கிரேயும் அதன் வாரிசுகளும்

தெற்காசியாவில் இந்தத் துரத்தல் அரசியலோடு கலந்தே தொடங்கியது. இந்தியா கேட்ட கிரே எக்ஸ்-எம்பி 24 மீத்திறன் கணினியை அமெரிக்கா தர மறுத்தது. திறன் குறைந்த எக்ஸ்-எம்பி 14ஐ, வானிலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. 1980களின் இறுதியில் அது புதுடில்லிக்கு வந்தது. மறுப்பின் சூட்டில் 1988இல் புனேயில் சி-டாக் என்ற கணினி ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டது; விஜய் பட்கர் தலைமையில் 1991இல் அதன் பரம் 8000 கணினி வெளிவந்தது. பெங்களூரின் தேசிய வானூர்தியியல் ஆய்வகம் அதற்கு முன்பே, 1986இல், ஃப்ளோசால்வர் என்ற இணைக்கணினியை உருவாக்கியிருந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அனுபம் இன்னொன்று.

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் தேசப்பெருமையோடு இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிந்திய, புகழ் குறைந்த அத்தியாயமே முக்கியமாகப் படுகிறது. கிரேயில் ஓடிய டி-80 நிரலை உள்நாட்டு இணைக்கணினிகளுக்கு மாற்றியாக வேண்டும். கிரே தனக்கேயுரிய 64 பிட் எண் வடிவம் கொண்டது. பரம் 8000இன் டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் ஐஈஈஈ 754 என்ற வேறொரு தரத்தைப் பின்பற்றின. ஒரு பொறி ஒரே வேலையை நீளமான அணிகளாக அடுக்கிச் செய்தது. மற்றது வேலையைத் துண்டுபோட்டுப் பல சில்லுகளுக்குப் பகிர்ந்தது. ஆகவே நிரலை எடுத்துச்செல்வது என்றால் ஏறத்தாழ மறுபடி எழுதுவதுதான். எழுதிய பின்னும், இரு பொறிகளின் விடைகளும் கடைசித் தசமங்களில் ஒத்துப்போகாது.

கடைசித் தசமம் என்று அலட்சியமாக விட முடியாது. 1961இல் எட்வர்ட் லொரன்ஸ் தன் வானிலை நிரலை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட விரும்பி, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக அச்சுத்தாளில் இருந்த 0.506ஐ உள்ளிட்டார். சிறிது நேரத்தில் இரண்டு வானிலைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிரிந்துபோயின. ஆகவே ஓர் ஆய்வாளர் கண்ட மழையை இன்னொருவர் இன்னொரு பொறியில் காணாவிட்டால், தவறு இயற்பியலிலா, கம்பைலரிலா, நூலகக் கோப்பின் பதிப்பிலா என்று பிரித்தறிய வழி வேண்டும்.

பொறிகள் பிறகு வேகமாக வளர்ந்தன. 2018 ஜனவரியில் புனேயில் பிரத்யூஷும் நொய்டாவில் மிஹிரும் சேர்ந்து 6.8 பெட்டாஃப்ளொப்ஸ் வழங்கின. அவ்வாண்டே 12 கிலோமீற்றர் கட்டத்தில் உலகளாவிய பல்கணிப்பு முறை வந்தது. 2024இல் அர்கா, அருணிகா. 2025 மே மாதத்தில் 6 கிலோமீற்றர் கட்டத்துடன் பாரத் முன்கணிப்பு முறை. தமிழ்நாட்டிலும் 2022இல் திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃப்ளொப்ஸ் திறனுடன் பரம் பொருள் நிறுவப்பட்டது. பெயர் வைத்தவருக்குத் தமிழ்ச் சிலேடை தெரிந்திருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு கணினி

இலங்கையிலும் வேறு பல நாடுகளிலும் வட்டார வானிலைக்குப் பயன்படுவது, அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையமும் வேறு நிறுவனங்களும் உருவாக்கிய டபிள்யூ.ஆர்.எஃப் மாதிரி. இலவசம், மூல நிரலும் திறந்தது. ஆனால் நிறுவிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். போர்ட்ரான் கம்பைலர், சி கம்பைலர், தரவுக்கோப்புகளுக்கு நெட்சிடிஎஃப், செயலிகள் ஒன்றோடொன்று பேச எம்பிஐ, அவற்றுக்குக் கீழே பட நூலகங்கள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளாக இருக்க வேண்டும். முதற்தடவை நிறுவும் மாணவர் மழையைப் பார்ப்பதற்கு முன் பிழைச்செய்திகளை நெடுநாள் பார்ப்பார்.

இதற்கான மருந்து வானிலைத் துறையில் பிறக்கவில்லை. 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் சேர்ந்த குரூட் என்ற வசதி, ஒரு நிரலின் கண்ணுக்குக் கோப்பகத்தின் ஒரு பகுதியையே முழு உலகமாகக் காட்டியது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டியின் ஜெயில் அந்த வேலியை உயர்த்தியது. 2006இல் கூகுள் பொறியியலாளர்கள் தொடங்கிய சிகுரூப்ஸ் 2008இல் லினக்ஸ் கருவில் சேர்ந்து, ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலி என்று அளந்து கொடுத்தது. இத்தகைய உதிரிகளை ஒன்றுசேர்த்து, நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் கொள்கலன் என்ற ஒரே பொதியாகக் கட்டி அனுப்பும் வசதியை 2013 மார்ச்சில் டொக்கர் தந்தது. ஸ்டோரில் ஈயத்தாள் விரித்த தேயிலைப் பெட்டியை ஆணியடித்து மூடிவிட்டால், கொழும்பின் ஈரமும் கப்பலின் உப்பும் உள்ளே புகாது. கொள்கலன் செய்வதும் அதைத்தான்: புறச்சூழலை உள்ளே விடுவதில்லை.

ஆனால் மீத்திறன் கணினி மையங்கள் டொக்கரை வாசலிலேயே மறித்தன. காரணம் நியாயமானது. டொக்கரின் பின்னணி இயக்கி இயல்பாக நிர்வாகி அதிகாரத்தோடு ஓடுவது. அதைக் கட்டளையிடக்கூடியவர் நடைமுறையில் முழுப்பொறிக்கும் அதிபதி. நூற்றுக்கணக்கானோர் பகிரும் பொறியில் அந்தச் சாவியை யாரிடம் கொடுப்பது? பெர்க்லியின் நேர்ஸ்க் மையம் 2015இல் ஷிஃப்டரையும், லொஸ் அலமோஸ் ஆய்வகம் சார்லிகிளவுட்டையும் விடையாக வைத்தன. லோரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெகரி குர்ட்சர் உருவாக்கிய சிங்குலாரிட்டியே பரவலாக நிலைத்தது. அதன் விதி எளியது: வெளியே சாதாரணப் பயனராக இருப்பவர் உள்ளேயும் சாதாரணப் பயனர்தான். கொள்கலன் முழுவதும் ஒரே கோப்பு என்பதால், பென் டிரைவில் போட்டுக்கூடக் கொண்டுபோகலாம். 2017இல் அதைப் பற்றிய கட்டுரை பிளொஸ் ஒன் இதழில் வந்தது. 2021இல் திட்டம் ஆப்டெய்னர் என்ற பெயருடன் லினக்ஸ் அறக்கட்டளைக்குள் சேர்ந்தது.

அதே 2017இல் ஜொஷுவா ஹேக்கரும் குழுவினரும் டபிள்யூ.ஆர்.எஃப் மாதிரியைக் கொள்கலனாக்கிய பணியை அமெரிக்க வளிமண்டலவியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். வகுப்பறைக் கற்பித்தல், கூட்டாய்வு, நிச்சயமின்மையை அளவிடல் ஆகிய மூன்று பயன்களை அவர்கள் முன்வைத்தார்கள். முதல் இரண்டும் உடனே விளங்கும். மூன்றாவதுதான் லொரன்ஸின் பழைய பிரச்சினை. சூழலை அசையாமல் பிடித்து வைத்தால்தான், எஞ்சும் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தேட முடியும்.

கொள்கலனைப் பற்றி மிகையாகவும் பேசுகிறார்கள். அது முழுக் கணினியல்ல. இயக்குதளத்தின் கரு வெளியிலுள்ள பொறியினுடையதே. இன்டெல் செயலிக்குக் கட்டியது ஏஆர்எம் செயலியில் அப்படியே ஓடாது. பல பொறிகளை இணைக்கும் அதிவேக வலையின் முழுப்பயனைப் பெற, உள்ளிருக்கும் எம்பிஐ வெளியிலுள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். செயலிகளின் எண்ணிக்கையை மாற்றினால் கூட்டல் வரிசை மாறி, கடைசித் தசமமும் மாறலாம்.

சராசரியில் மறையும் சரிவு

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகமெங்கும் சரிவுகளை அவிழ்த்துவிட்டது. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மழை வரம்புகள் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர்: முதலாவது விழிப்பு, மூன்றாவது வெளியேற்றம்.

இந்த வரம்புகளைக் கட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம். 12 கிலோமீற்றர் கட்டம் என்பது 144 சதுரக் கிலோமீற்றர். ஒரு பேச்சுக்கு, அதில் கால்பங்கு சரிவில் 200 மில்லிமீற்றரும் மற்ற முக்கால்பங்கில் 40 மில்லிமீற்றரும் பெய்வதாகக் கொள்வோம். சராசரி 80. மாதிரி எதிலும் தவறவில்லை. அதன் அளவில் சரியான விடையைத்தான் சொல்கிறது. அந்த 80 விழிப்பு நிலையைத் தாண்டுவதில்லை. கால்பங்கிலுள்ள லயங்களோ வெளியேற்ற வரம்பை எப்போதோ கடந்துவிட்டன. வட்டகொடையும் தலவாக்கலையும் ஒரே எண்ணாகும் கட்டம் மண்சரிவுக்கு உதவாது. இங்குதான் வட்டார மாதிரி வேண்டும். அமெரிக்காவின் உலகளாவிய முன்கணிப்புத் தரவை இலவசமாக இறக்கி, மத்திய மலைநாட்டை மட்டும் ஒன்றிரண்டு கிலோமீற்றர் கட்டத்தில் மறுபடி ஓட்டுவது. பரப்பு சிறியதாதலால் இதற்கு அர்கா வேண்டியதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் நடுத்தரக் கணினித்தொகுதி போதும். இன்னொரு நாட்டின் பெரிய பொறியில் சோதித்த கொள்கலனையே இங்கே ஓட்டலாம் என்பதுதான் இருபது ஆண்டுக்கு முன் இல்லாத வசதி.

ஓட்டிய பின் சரிபார்க்க அளந்த மழை வேண்டும். தோட்டத்து ஒப்பீஸ்களின் மழைப்பதிவேடுகளும் தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அளவீடுகளும் அதற்கு நெருக்கமான சாட்சிகள். பதிவேடு கையெழுத்தில் இருப்பது கணினிக்குப் பெரிய தடையல்ல; தட்டச்சு செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கொள்கலனுக்குள் இருக்கும் நிலப்பயன்பாட்டு அட்டவணையையும் திறந்து பார்ப்பது நல்லது. தரை எவ்வளவு ஈரத்தைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும் என்பதை மாதிரி அதிலிருந்துதான் எடுக்கிறது. வழக்கமாகப் பயன்படும், செயற்கைக்கோள் தரவில் அமைந்த மோடிஸ் நிலவகைப் பட்டியலில் பசுமைமாறாக் காடு உண்டு, புதர்நிலம் உண்டு, புல்வெளி உண்டு, பயிர்நிலம் உண்டு, நகரம் உண்டு. தேயிலைக்கென்று ஒரு வகை இல்லை. கவாத்து முடிந்து மொட்டையாக நிற்கும் மலையும் கொழுந்து தளிர்த்து நிற்கும் மலையும் அதில் காடாகவோ பயிர்நிலமாகவோ பதிவாகிக் கிடக்கின்றன. கொள்கலன் எதையும் மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதால், இந்த விடுபடலும் போகும் பொறிதோறும் அப்படியே போய் இறங்குகிறது.