பல்வரிசையும் முகலட்சணமும்

கோணலாய் முளைத்த பல்லை நேர்படுத்த வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு நேற்றுப் பிறந்ததன்று. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்திய நூல் இயற்றிய செல்ஸஸ், பாற்பல் விழுவதற்கு முன்னரே நிலைப்பல் தலைகாட்டினால், பாற்பல்லைக் களைந்துவிட்டு, புதிய பல்லைத் தினந்தோறும் விரலால் அதற்குரிய இடத்தை நோக்கித் தள்ளி வரவேண்டும் என்று விதித்திருக்கிறார். அவருக்குப் பின் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சிகிச்சை பெரிதாக நகர்ந்ததாகச் சொல்வதற்கில்லை. 1728-இல் பிரெஞ்சு தேசத்துப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார், குதிரைலாடம்போல் வளைத்த உலோகத் தகட்டில் துளைகளிட்டு, கோணற்பல்லை நூலால் அதனோடு கட்டி இழுக்கும் உபாயத்தைத் தம் நூலில் விவரித்தார். பல் மெல்ல நகரும்வரை பொறுக்கமாட்டாதவர்களுக்குக் குறட்டால் பல்லை ஒரே முறுக்கில் திருப்பி நிறுத்தி, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி ஆறவிடும் முறையும் அவரிடம் இருந்தது. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத நூற்றாண்டு அது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சிரமமெல்லாம் எதற்காக என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தம் வேலையாலேயே சொன்னவர் நியூயார்க்கின் நார்மன் கிங்ஸ்லி. பல் வைத்தியர், சிற்பி, பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் முதல் தலைவர் என்று பல வேடங்கள் தரித்த அந்த மனிதர், அண்ணம் பிளந்து பிறந்தவர்களுக்கு மிருதுவான ரப்பரால் செயற்கை அண்ணம் செய்து பொருத்துவதில் கீர்த்தி பெற்றார். குடித்த பால் மூக்கின் வழியே திரும்பி வழிய, சொல்ல வந்த சொல் மூக்கிலேயே கரைந்துபோக, அயலாரோடு பேசவே கூசி வாழ்ந்த ஒருவருக்கு, வாய்க்குள் பொருந்தும் ஒரு சிறு ரப்பர்த் துண்டு எதைத் திருப்பிக் கொடுத்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. வாயின் குறைகளைப் பற்றி 1880-இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் கோணற்பற்களும் பிளந்த அண்ணமும் ஒரே அட்டைக்குள் இடம்பெற்றது தற்செயலான சேர்க்கை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்தத் துறைக்குத் தனிச் சாஸ்திரம் என்னும் அந்தஸ்தைத் தேடித் தந்தவர் எட்வர்ட் ஆங்கிள். பென்ஸில்வேனியாவில் 1855-இல் பிறந்த இவர், மேல்தாடையின் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லை அளவுகோலாகக் கொண்டு, கீழ்த்தாடைப் பல் அதனோடு சரியாகப் பொருந்துகிறதா, பின்தங்கியிருக்கிறதா, முந்தி நிற்கிறதா என்று பார்த்து, கோணல்களையெல்லாம் மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். 1899-இல் வெளியான அந்தப் பாகுபாட்டை இன்றும் உலகமெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் முதற்பாடமாகப் படிக்கிறார்கள். 1900-இல் செயின்ட் லூயிஸ் நகரில் இதற்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கிய அவர், இயந்திர நுட்பத்தில் மகா சமர்த்தர். கருத்து வேற்றுமையைப் பொறுப்பதில் அவ்வளவு சமர்த்தர் அல்லர். இறைவன் கொடுத்த முப்பத்திரண்டு பற்களில் ஒன்றையும் இழக்கலாகாது, எல்லாப் பற்களையும் வரிசையில் நிறுத்தினால் முகமும் தானே சீர்பெறும் என்பது அவர் சித்தாந்தம்.

முகம் சீர்பெறுவது என்றால் என்ன? இந்த இடத்தில்தான் சரித்திரம் சுவாரசியம் அடைகிறது. வாட்டிகனில் இருக்கும் அப்பல்லோவின் பளிங்குச் சிலையை உத்தம முகலட்சணமாகக் கொண்டாடி வந்த ஆங்கிள், முக அழகுக்கு ஒரு திட்டமான சூத்திரம் வேண்டுமென்று எட்மண்ட் வூர்ப்பெல் என்னும் ஓவிய ஆசிரியரை அணுகினார். அப்படிப்பட்ட சூத்திரம் எதுவும் இல்லை, ஒவ்வொரு முகத்துக்கும் அதற்கேயுரிய இசைவுண்டு என்று வூர்ப்பெல் எடுத்துச் சொன்னார். கிரேக்கச் சிலையின் மூக்கும் மோவாயும் எல்லா ஜாதி மனிதர்க்கும் அளவுகோலாகிவிடாதபடி தடுத்த புண்ணியம் இந்தக் கலைஞருக்கு உரியது. ஆங்கிளோ அந்த உபதேசத்தை ஏற்றுக்கொண்டும் தம் சித்தாந்தத்தை விடவில்லை. அவரவர் முகத்துக்குரிய இசைவு அவரவர் பற்கள் முழுமையாக இருந்தால்தான் கிட்டும் என்று அதற்கு வியாக்கியானம் செய்துகொண்டார். சில முகங்களுக்குப் பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்று கால்வின் கேஸ் 1911-இல் வாதிட்டபோது, ஆங்கிள் கட்சியார் அவரைக் கடுமையாக எதிர்த்தனர்.

விவாதத்தால் தீராத அந்த வழக்கைத் தீர்த்தவர், ஆங்கிளின் அத்யந்த சீடர்களில் ஒருவரான சார்லஸ் ட்வீட். அரிஸோனா மாகாணத்து டூஸான் நகரில் குருவின் கருவியைக்கொண்டு குருவின் கொள்கைப்படியே சிகிச்சை செய்துவந்த அவர், குரு 1930-இல் மறைந்தபின், தாம் முடித்தனுப்பிய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது, பலருடைய பற்கள் மீண்டும் கோணியிருப்பதையும், உதடு மூடாதபடி வாய் முன்தள்ளி நிற்பதையும் கண்டார். தோல்வியடைந்தவர்களைத் தேர்ந்து, நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்து, கட்டணம் பெறாமல் மறுபடி சிகிச்சை செய்து, அப்படிப்பட்ட நூறு பேருடைய சான்றுகளை 1940-இல் சக வைத்தியர்களின் முன் பரப்பி வைத்தார். குருத்துரோகம் என்ற பழி அவர்மீது விழாமல் இல்லை. அடிலெய்டில் இருந்த மற்றொரு சீடரான ரேமண்ட் பெக்கும் பல் எடுக்கும் முடிவுக்கே தனி வழியில் வந்து சேர்ந்திருந்தார். பிற்காலத்தார் இவர்களைப் பின்பற்றி வேண்டாத இடத்திலும் பல்லை எடுத்தார்கள் என்பது வேறு கதை. பிளாஸ்டரில் வார்த்த பல் அச்சை மேஜைமேல் வைத்துப் பார்த்துத் திருப்தியடைந்த தொழில், அந்தப் பற்களுக்கு உரியவரை எதிரே உட்காரவைத்துப் பார்க்கத் தொடங்கியது ட்வீட் காலத்தில்தான் என்று நான் மதிப்பிடுகிறேன்.

கருவிகளின் வரலாறு இதற்கிடையில் தன் போக்கில் நடந்தது. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு வளர்வதாலேயே பல் நகர்கிறது என்பதை ஸ்வீடன் தேசத்து சான்ட்ஸ்டெட் 1904-ஐ ஒட்டி நாய்களிடம் பரிசோதித்துக் காட்டினார். பொன் கம்பி போய் எவர்சில்வர் கம்பி வந்தது. பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் பதப்படுத்தினால் பசை பிடிக்கும் என்று புவோனோகோர் 1955-இல் காட்டியதன் பலனாக, ஒவ்வொரு பல்லையும் சுற்றிப் பட்டை போடும் துன்பமும் காலப்போக்கில் நீங்கிற்று.

தன் வேலையைத் தானே தணிக்கை செய்யும் நல்வழக்கமும் தொடர்ந்தது. அமெரிக்காவின் ஸியாட்டில் நகரில் ராபர்ட் லிட்டிலும் அவரைச் சார்ந்தவர்களும், சிகிச்சை முடிந்து பத்தாண்டு கழிந்தவர்களைப் பரிசோதித்து, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் கீழ் முன்பற்கள் திருப்தியற்ற நிலைக்குத் திரும்பிவிட்டன என்று 1981-இல் ஒளிக்காமல் எழுதினார்கள். அதே ஆண்டில் வில்லியம் ஷா குழுவினர் வேல்ஸ் நாட்டில் 11, 12 வயதுக் குழந்தைகள் 1,018 பேரைப் பரிசோதித்துப் பதிவு செய்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் 337 பேரை மீண்டும் கண்டார்கள். சிறுவயதில் இருந்த தன்மதிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், பல்லுக்குக் கம்பி போட்டதால் முப்பது வயதில் மனநலமோ வாழ்க்கைத் தரமோ குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்துவிடவில்லை என்று 2007-இல் அவர்கள் தெரிவித்தார்கள்.

இதைக் கண்டு சோர்ந்தவர்கள் உண்டு. எனக்குச் சோர்வதற்குக் காரணம் தெரியவில்லை. பேச்சும் மெல்லுதலும் கெட்டவருக்கு அவற்றை மீட்டுத் தருவதும், கீழே விழுந்தால் முதலில் உடையக்கூடிய எத்துப்பல்லை உள்ளடக்குவதும், தாடைக்குள் புதைந்து அண்டைப்பல்லின் வேரை அரிக்கும் கோரைப்பல்லை வெளிக்கொணர்வதும் எந்த மனோதத்துவ அளவுகோலின் தயவையும் வேண்டாத காரியங்கள். அழகுக்காக வருபவர் விஷயத்திலும், தேவையிருந்து சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் பல்வரிசையைக் குறித்துப் பெறாதவர்களைவிடத் திருப்தியாய் இருந்தார்கள் என்பது அந்த ஆய்விலேயே உள்ள செய்தி. விளம்பரக்காரர்கள்தாம் புன்னகையோடு உத்தியோகத்தையும் கல்யாணத்தையும் சேர்த்து விற்கிறார்கள்.