பார் றீஃப் கடற் சரணாலயமும் மீனவர் அறிவும்

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில், களப்புக்கும் திறந்த கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த ஊர் குறிஞ்சிப்பிட்டி. குடாநாட்டின் மேற்குக் கடலிலுள்ள முருகைக்கற் பாறைத்தொடர் 1992இல் பார் றீஃப் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 307 சதுர கிலோமீற்றர். பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரியது. கடல்நீர் சூடேறியதால் 1998இலும் 2016இலும் இங்கு முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன.

கச்சான் காற்று எப்போது ஓயும், எந்தப் பாரில் எந்த மீன் கூடும், நீரோட்டம் எப்பக்கம் திரும்பும் என்பவற்றை அன்றாடம் கவனித்து வருபவர்கள் இக்கரையின் கடற்றொழிலாளர்கள். பாறைத்தொடரில் நேரும் மாற்றத்தை முதலில் காண்பவர்களும் அவர்களே. இந்த அறிவைத் தகவலாக மட்டும் பெற்றுக்கொள்வது போதாது; சரணாலய முகாமைத்துவ விதிகளிலும் அதற்கு இடம் வேண்டும்.

மீனவர் வழக்கம் சட்டத்திலும் இடம்பெறலாம் என்பதற்கு இதே மேற்குக் கரையின் நீர்கொழும்புக் களப்பு சான்று. வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும் இறாலை, களப்பின் வாய்க்கருகே கழிகளில் கட்டிய வலைகளால் இரவில் பிடிக்கும் முறை அங்கு தலைமுறைகளாகத் தொடர்கிறது. உரிமை குறிப்பிட்ட ஊர்களின் மீனவர் சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே. யார் எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். ஆகவே வலைகளின் தொகை கட்டுக்குள் இருக்கிறது, சண்டையும் குறைகிறது. 1958இன் ஒழுங்குவிதிகள் இவ்வழக்கத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தன.

பார் றீஃப் முகாமைத்துவத்திலும் குறிஞ்சிப்பிட்டி, கற்பிட்டி மீனவர்கள் கருத்துக் கூறுவோராக மட்டுமன்றி, முடிவெடுப்போராகவும் அமர வேண்டும்.