மலைமேல் இறங்கிய சிறு விமானம்



1942-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மூவார் ஆற்றங்கரையில் ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் அணியின் இந்திய, ஆஸ்திரேலியப் படைகளுக்கும் கடும்போர் நடந்தது. அந்நாளில் ஆகாய விமானத்தின் இரைச்சல் கேட்டால் மக்கள் ஓடி ஒளிந்தார்கள். அதே போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே, விமான இரைச்சல் கேட்டதும் ஊரே ஓடிவந்து வரவேற்கும் காட்சியும் நம் நாட்டில் தோன்றியது. அது சரவாக் மாநிலத்து மலைநாட்டில். கிறிஸ்துவ சமயப் பணியாளர்களைச் சிறு விமானங்கள் சுமந்து சென்ற அந்த வரலாற்றை இன்று காண்போம்.

முதலில் ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். அந்நாட்டின் உட்பகுதி பரந்த வறண்ட நிலம். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே பல மைல்கள். அங்கே பணியாற்றிய ஜான் ஃபிளின் என்ற பாதிரியார், மருத்துவர் போய்ச் சேருமுன்பே நோயாளிகள் இறந்துபோவதைக் கண்டு வருந்தினார். மருத்துவரை விமானத்தில் அனுப்பினால் என்ன என்று எண்ணினார். அவருடைய முயற்சியால் 1928-ஆம் ஆண்டு மே மாதம் குவீன்ஸ்லாந்தின் குளோன்கரி என்னும் ஊரிலிருந்து முதல் மருத்துவ விமானம் புறப்பட்டது.

விமானம் இருந்தால் மட்டும் போதுமா? நோய் கண்ட செய்தி அங்கே எட்ட வேண்டுமே! ஆல்ஃபிரெட் டிரேகர் என்பவர், சைக்கிள் மிதிப்பதுபோல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கி இயக்கும் வானொலிக் கருவியை 1929-இல் அமைத்துத் தந்தார். வானொலி அழைத்தது, விமானம் வந்தது. இரண்டும் கைகோத்த பிறகே அத்திட்டம் முழுமை பெற்றது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது விமானம் ஓட்டப் பழகிய இளைஞர் பலர் வேலையின்றி நின்றார்கள். அவர்களுள் சமயப் பற்றுடைய சிலர், குண்டு போடக் கற்ற தொழிலை மக்கள் பணிக்குத் திருப்ப விரும்பினார்கள். இதற்கென 1945-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் உருவாயிற்று. அதன் முதல் விமானத்தை 1946-இல் மெக்சிகோ நாட்டில் ஓட்டியவர் பெட்டி கிரீன் என்ற பெண்மணி. பெண்கள் விமானம் ஓட்டுவது அரிதாக இருந்த காலம் அது! இப்பணி ஆபத்து நிறைந்தது. ஆஸ்திரேலிய விமானி ஹாரி ஹார்ட்விக் 1951-இல் நியூகினி மலையில் விமானம் மோதி உயிர் நீத்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1928-ஆம் ஆண்டு ஹட்சன் சவுத்வெல், ஃபிராங்க் டேவிட்சன், கேரி டாலி என்ற மூன்று ஆஸ்திரேலிய இளைஞர்கள் சரவாக்கில் வந்திறங்கினார்கள். அவர்கள் தொடங்கிய போர்னியோ நற்செய்தி இயக்கம் லுன் பாவாங், கெலாபிட் முதலிய மலைவாழ் மக்களிடையே பணியாற்றியது. லாவாஸ் அதன் தலைமையிடமாயிற்று. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது கெலாபிட் மக்களின் பாரியோ. ஆற்றில் படகேறி, அருவிகளைக் கடந்து, காட்டில் பல நாள் நடந்துதான் அந்நாளில் அங்கே போக முடிந்தது. உப்பும் மண்ணெண்ணெயும் முதுகுச் சுமையாகவே ஏறின.

மூவார் ஆற்றில் பாலம் இல்லாத காலத்தில் அக்கரைக்குப் போகப் படகுத்துறையில் காத்துக் கிடந்த கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அங்கே காத்திருப்பது மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில். பிரசவம் தடைப்பட்ட ஒரு தாய்க்கு அது உயிர்க்கணக்கு.

1950-களில் இவ்வியக்கம் சிறு விமானங்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. சில பேரே அமரக்கூடிய விமானம். எனினும் அது இறங்கச் சமதளம் வேண்டும். மலையில் சமதளம் ஏது? ஊர்மக்களே மண்வெட்டியும் கூடையும் எடுத்தார்கள். மரம் வெட்டி, வேர் பறித்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். இப்படி மலைக்கிராமங்களில் ஓடுதளங்கள் உருவாயின. விமானத்தைக் கொண்டுவந்தது வெளிநாட்டார். அது இறங்க நிலத்தைத் தந்தது உள்ளூர் மக்களின் வியர்வை. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட பரம்பரையினரான நமக்கு அந்த உழைப்பின் பாரம் தெரியும்.

அந்த விமானத்தில் வேதநூலும் போதகரும் சென்றார்கள். தங்கள் சமயத்தைப் பரப்புவதே அவர்களின் முதல் நோக்கம். அதை அவர்கள் மறைக்கவில்லை. அம்மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்துவர் ஆயினர். முன்னோர் வழக்கங்கள் பல மறைந்தன. ஆனால் அதே விமானத்தில் மருந்தும் உப்பும் பள்ளிப் புத்தகமும் ஏறின. திரும்பும்போது நோயாளி ஏறினார். 1959-இல் உள்ளூர் மக்களே நடத்தும் திருச்சபையாக சிடாங் இன்ஜில் போர்னியோ உருவாயிற்று.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நோயாளிக்கு விமானம் வருவது ஒருவரின் கருணையைப் பொறுத்ததா? கருணை இருக்கும்வரைதான் உதவி என்றால், அது நின்றுபோகும் நாளில் என் செய்வது? துரை மனம் வைத்தால்தான் லாரி கிடைக்கும் என்றிருந்த நாட்களைக் கண்ட தோட்டக் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதிதல்ல.

மலேசியா அமைந்த பிறகு அதற்கு மெல்ல விடை கிடைத்தது. 1973-இல் அரசாங்கத்தின் பறக்கும் மருத்துவர் சேவை சரவாக்கில் தொடங்கி, ஹெலிகாப்டர்கள் உட்புறக் கிராமங்களுக்குச் சென்றன. மலேசிய விமான நிறுவனத்தின் டுவின் ஒட்டர் என்னும் பத்தொன்பது இருக்கை விமானங்கள் பாரியோவுக்கும் பா கெலாலானுக்கும் பறந்தன. 2007-இல் மாஸ்விங்ஸ் நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. அவ்விமானத்தில் ஏறுமுன் மூட்டையோடு பயணியையும் நிறுத்து எடை பார்ப்பார்கள். குறுகிய தளத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. இந்த விமானச் சேவைக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. ஏனெனில் மலையில் வாழ்பவரும் இந்நாட்டுக் குடிமக்களே.

சமயத் தொண்டர்கள் வழிகாட்டினார்கள். மக்கள் மண் சுமந்தார்கள். அரசாங்கம் அதைக் கடமையாக ஏற்றது. முதல் இரண்டும் இல்லாவிட்டால் மூன்றாவது எளிதில் வந்திராது. ஆனால் மூன்றாவது வந்த பிறகுதான், நோயுற்ற மலைவாழ் தாய், "எவர் தயவால் போகிறேன்?" என்று கேளாமல் விமானம் ஏற முடிந்தது. நம் தோட்டத்துச் சாலைக்கும் மருந்தகத்துக்கும் பள்ளிக்கும் குரல் கொடுக்கும்போது, பாரியோ மக்களின் மண்வெட்டியையும் நினைவில் வைப்போம். நம் பங்கைச் செய்துகொண்டே, நமக்குரியதையும் கேட்போம்.