தார் கோட்டைக்குள் ஜிம்னி… சிரித்தார்களா, ரசித்தார்களா ஆஃப் ரோடு ரசிகர்கள்?

தார் வெச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட ஜிம்னியைப் பத்திக் கேட்டுப் பாருங்க. முதல்ல ஒரு சிரிப்பு வரும். ‘பொம்மை கார் மாதிரி இருக்குல்ல?’ என்பது அந்தக் கூட்டத்தின் ஃபேவரைட் கமென்ட். சின்ன கேப் விட்டு, ‘ஆனா…’ என்று இழுப்பார்கள். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால்தான் விஷயமே இருக்கிறது.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 2020 அக்டோபர் 2-ம் தேதி புதிய மஹிந்திரா தார் வந்ததிலிருந்து, ‘வார நாள்ல ஆபீஸுக்கு, வீக் எண்ட்ல மலைக்கு’ என்று நினைத்தவர்களுக்கு அதுதான் முதல் சாய்ஸ். ஃபோர்ஸ் கூர்க்கா இருந்தது; ஆனால், அதன் ரசிகர் வட்டம் சின்னது. 2023 ஜனவரியில் கிரேட்டர் நொய்டா ஆட்டோ எக்ஸ்போவில் மாருதி சுஸூகி 5 கதவு ஜிம்னியைக் காட்டியபோதுதான், தார் பார்ட்டிகள் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஜூன் 7-ம் தேதி விலை வந்தது. 12.74 லட்சத்தில் ஆரம்பித்து 15.05 லட்சம் வரை, எக்ஸ் ஷோரூம்.

திரும்பிப் பார்த்தவர்களுக்கு அங்கேதான் அடுத்த சிரிப்பு. ‘மாருதிக்கு இவ்வளவா?’ நியாயமான கேள்விதான். அதே ஜனவரியில்தான் ரியர் வீல் டிரைவ் தாரை 9.99 லட்சத்துக்கு இறக்கியிருந்தது மஹிந்திரா. அதில் 4x4 கிடையாது என்பது வேற கதை. ரோட்டில் நிறுத்தினால் அது யாருக்குத் தெரியப்போகிறது?

இரண்டு காரின் நீளமும் 3,985 மி.மீ. மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஆனால், பக்கத்துல நிக்க வெச்சா ஜிம்னி தம்பி மாதிரி தெரியும். காரணம், அகலம். ஜிம்னி வெறும் 1,645 மி.மீ. டயரும் 15 இன்ச் ரிம்மில் ஒல்லியாக இருக்கும். தாரின் 18 இன்ச் டயருக்குப் பழகிய கண்ணுக்கு அது சைக்கிள் டயர்!

இன்ஜினிலும் போட்டியே இல்லை என்பார்கள். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தருவது சுமார் 105 பிஎஸ் பவர், 134 என்எம் டார்க். தாரின் 2.2 லிட்டர் டீசலில் 130 பிஎஸ், 300 என்எம். டார்க் இரண்டு மடங்குக்கும் மேல்! ஹைவேயில் லாரியை ஓவர்டேக் பண்ணும்போது இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். ஜிம்னியின் ஆட்டோமேட்டிக்கில் 4 கியர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 லட்சம் ரூபாய் காரில் அது பழைய சரக்குதான். இதில் தார் ரசிகர்கள் பக்கம்தான் என் ஓட்டு.

சரி, அந்த ‘ஆனா’ எங்கே வருகிறது? தார் ரோடு முடிகிற இடத்தில்.

ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ. தார் 4x4 அதைவிட சுமார் அரை டன் அதிகம். மணலிலும் சேற்றிலும் இதுதான் ஆட்டத்தையே மாற்றும். கனமான வண்டி புதையும் இடத்தில், லேசான வண்டி மேலாக மிதந்து போய்விடும். மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் தள்ளினால் வெளியே வந்துவிடும். தாரைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அடுத்து, ஆக்ஸில். ஜிம்னியில் முன்னாலும் பின்னாலும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இடது வலது சக்கரங்களை ஒரே இரும்புத் தண்டு இணைக்கும். ஒரு சக்கரம் கல் மேல் ஏறும்போது, தண்டு சாய்ந்து மறு சக்கரத்தைத் தரையில் அழுத்தும். தாரில் பின்பக்கம்தான் அப்படி. முன்னால் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். ரோட்டுக்கு அது சொகுசு. ஆஃப் ரோடு சீனியர்கள் ஜிம்னிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு மரியாதையோடு எழுந்ததற்குக் காரணம் இந்த முன் ஆக்ஸில்தான்.

தாரின் பதிலடியும் பலமானது. சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது பவரை மறுபக்கத்துக்கு அனுப்ப, தாரின் டாப் வேரியன்ட்களில் பின்னால் மெக்கானிக்கல் லாக்கர் உண்டு. ஜிம்னி அதே வேலையை பிரேக்கைப் பிடித்துச் செய்கிறது. வேலை நடக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். கிரவுண்ட் கிளியரன்ஸிலும் தார்தான் ஜெயிக்கிறது: 226 மி.மீ-க்கு எதிராக 210. வண்டியின் நடு வயிறு மேட்டில் தட்டாமல் தாண்டும் கோணத்திலும் தாருக்கே மார்க். 5 கதவுக்காக ஜிம்னியின் வீல்பேஸை 2,590 மி.மீ-க்கு இழுத்ததற்குக் கொடுத்த விலை அது.

ஆனால், குடும்பம் வெச்சிருக்கிற தார் ஓனர்கள் சத்தமில்லாமல் பொறாமைப்பட்டது அந்தக் கதவுகளைப் பார்த்துத்தான். 3 கதவு தாரில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டைச் சாய்த்து ஏற வேண்டும். நம்ம அம்மாவை அப்படி ஏத்திப் பாருங்க, அடுத்த தடவை ‘நான் பஸ்லயே வந்துக்கறேன்’னு சொல்லிடுவாங்க. ஜிம்னியிலும் நாலு பேருக்குத்தான் இடம், பூட்டும் 208 லிட்டர்தான். இருந்தாலும் ஏறி இறங்க நாகரிகமான வழி இருக்கிறது.

ஜிப்ஸி ரசிகர்கள் இன்னொரு தனி உலகம். 1985-ல் வந்து ராணுவத்தில் ஊறிப்போன மாருதி ஜிப்ஸி, ஜிம்னியின் ரத்த சொந்தம். பவர் குறைவு, எடையும் குறைவு என்ற அதே ஃபார்முலாவில் இமயமலை ராலிகளில் கலக்கியது அது. இவர்களுக்கு ஜிம்னியின் 105 பிஎஸ் ஒரு குறையாகவே படவில்லை.

கடைசியில் ஜெயித்தது யார்? விற்பனையைப் பார்த்தால் சந்தேகமே இல்லை, தார். 2023 முடிவதற்குள் தண்டர் எடிஷன் என்ற பெயரில் ஜிம்னியின் ஆரம்ப விலையை 10.74 லட்சத்துக்கு இறக்க வேண்டி வந்தது. 2024 ஆகஸ்ட்டில் 5 கதவுடன் தார் ராக்ஸ் வந்ததும், ஜிம்னியின் ஒரே ட்ரம்ப் கார்டும் போச்சு.

ஆனால், 2025 ஜனவரியில் ஒரு ட்விஸ்ட். இந்தியாவில் தயாரான இதே 5 கதவு வண்டியை ‘ஜிம்னி நோமேட்’ என்று ஜப்பானில் அறிமுகப்படுத்தியது சுஸூகி. மாசம் 1,200 விற்கலாம் என்பது பிளான். சில நாளிலேயே சுமார் 50,000 ஆர்டர் குவிந்து, புக்கிங்கையே நிறுத்திவைத்தார்கள். நம்ம ஊர் ஷோரூமில் டிஸ்கவுன்ட் போட்ட வண்டிக்கு அங்கே க்யூ!

கெத்துக்காக எது வாங்கினாலும் ஒன்றை மறக்காதீங்க. 2023 டிசம்பரில் இமாச்சலின் லாஹௌலில், டிராஃபிக்கில் நிற்கப் பொறுமையில்லாமல் சந்திரா ஆற்றுக்குள் தாரை இறக்கினார் ஒருவர். வண்டி கரையேறிவிட்டது, போலீஸ் 3,500 ரூபாய் அபராதம் போட்டது. தார் 650 மி.மீ தண்ணீர் வரை தாங்கும் என்கிறது கம்பெனி. அதாவது பெரியவர்களுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆற்றின் நடுவே குழி எங்கே என்று எந்த பிரௌஷரிலும் போட்டிருக்காது.

இரண்டுக்கும் நடுவில் குழம்புகிறவர்கள், டெஸ்ட் டிரைவில் ஹைவேயில் மட்டும் ஓட்டாதீங்க. நீங்க நிஜமா எங்கே போவீங்களோ, அதுமாதிரி ஒரு மேடு பள்ளத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்க. பின் சீட்டில் வீட்டு ஆள் ஒருத்தரை உட்கார வையுங்க. லீவரை 4 லோவில் போடச் சொல்லி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வண்டி தானாக ஊர்வதைப் பாருங்க.