விசுவாசச் சோர்வும் கூடிவருதலும்: ஹைதராபாத் எப்ரோன் மரபு குறித்து

விசுவாசச் சோர்வு மறுதலிப்பு அன்று. வேத வாசிப்பு தொடர்கிறது, ஜெபம் தொடர்கிறது, ஞாயிறு ஆராதனையும் தவறுவதில்லை. மகிழ்ச்சி மட்டும் வற்றிப்போகிறது. ஆதி அன்பு தணிந்துபோயிற்று என்று தமிழ்ச் சபைகள் இந்நிலையைச் சொல்லும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், நண்பகலில் பொழுது நகராமல் நிற்பதாகத் தோன்றச் செய்யும் சோதனையாக இதை வர்ணித்தார்; அறையை விட்டு வெளியேறாமல் பொறுத்திருப்பதே அவர் காட்டிய வழி.

இன்றும் பெரும்பாலான ஆலோசனைகள் தனிமனிதரை நோக்கியே அமைகின்றன: அதிகாலையில் எழுந்து ஜெபி, உபவாசி, மறைந்த பாவத்தை அறிக்கையிடு. இவற்றுக்கு வேத ஆதாரம் உண்டு. 51ஆம் சங்கீதத்தில் தாவீது இழந்த மகிழ்ச்சியைத் திரும்பக் கேட்பது பாவ அறிக்கையோடுதான். ஆனால் எல்லாச் சோர்வும் பாவத்தால் வருவதில்லை. களைத்த மனத்தை மேலும் மேலும் தன்னையே துருவச் சொன்னால் களைப்புதான் கூடும். வேறொரு வழியை ஹைதராபாத்தில் வேரூன்றிய ஒரு சபை மரபு காட்டுகிறது.

இம்மரபைத் தொடங்கியவர் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் 1903இல் பிறந்த பக்த் சிங். அவர் பொறியியல் மாணவராகக் கனடா சென்றிருந்தபோது 1929இல் கிறிஸ்துவை ஏற்றார். 1933இல் நாடு திரும்பி ஊர் ஊராகப் பிரசங்கித்தார். 1937இல் மார்ட்டின்பூரில் நிகழ்ந்த எழுப்புதல் அவர் பெயரைப் பரப்பியது. 1941இல் சென்னையில் 'யெகோவா ஷம்மா' ஐக்கியம் தொடங்கியது. பரிசுத்த சபைக் கூடுகை என்ற ஆண்டுக் கூட்டமும் அங்கேதான் உருவாயிற்று. 1950இல் ஹைதராபாத் கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸில் எப்ரோன் என்ற சபை அமைந்தபின் இம்மரபின் மையம் அந்நகருக்கு மாறியது.

கூடுகையின் நடைமுறையை உற்று நோக்க வேண்டும். பந்தல் போடப்படும். வெளியூர் விசுவாசிகள் படுக்கையோடு வந்து பல நாட்கள் தங்குவார்கள். காலணியைக் கழற்றிவிட்டுப் பாயில் அமர்ந்து மணிக்கணக்கில் வேதபாடம் கேட்பார்கள். சமைப்பதும் பரிமாறுவதும் விசுவாசிகளே. சாதி பார்த்துப் பந்தி பிரித்துப் பழகிய சமூகத்தில், எல்லாரும் தரையில் ஒரே வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றை உண்பார்கள். இதற்கு அன்பின் விருந்து என்று பெயர்.

இந்த அமைப்புக்கு முன்மாதிரி லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தின் பண்டிகைகள். மகிழ்ச்சி திரும்புவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் தெளிவாகிறது. சிறையிருப்பிலிருந்து மீண்ட மக்கள் நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுகிறார்கள். அழவேண்டாம், போய் உண்டு குடியுங்கள், இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் பதில். கர்த்தருக்குள் மகிழ்வதே பெலன் என்னும் புகழ்பெற்ற வாக்கு அந்தக் கட்டளையோடு சேர்ந்தே வருகிறது. தமிழ் வீடுகளின் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் அவ்வசனத்தின் கடைசிப் பகுதி மட்டுமே இடம்பெறுகிறது. உணவும் பங்கிடுதலும் விட்டுப்போயின. அது சிறிய இழப்பல்ல. அதே அதிகாரத்தின் இறுதியில் மக்கள் கூடாரங்கள் போட்டு ஏழு நாள் தங்கிப் பண்டிகை கொண்டாடுகிறார்கள்.

எலியாவின் வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. சாவைக் கேட்டு மரத்தடியில் படுத்தவருக்கு முதலில் கிடைப்பது உறக்கமும் அப்பமும் தண்ணீரும். தான் ஒருவனே மிஞ்சினேன் என்ற முறையீட்டுக்குப் பதிலாக, ஏழாயிரம் பேர் இருக்கும் செய்தியும் எலிசா என்ற துணையும் வருகின்றன.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. 1950இல் கொல்கத்தாவில் சபை தொடங்கிய அன்னை தெரசா, சகோதரிகள் சூழ அன்றாடம் ஜெபித்தும் பல பத்தாண்டுகள் உள்ளத்தில் இருளையே உணர்ந்தார் என்பதை 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின. 1958இல் சில வாரங்கள் மட்டும் அது விலகியது. ஆகவே கூடிவருதல் மகிழ்ச்சியின் உணர்வுக்கு உத்தரவாதம் தராது. தருவது வேறொன்று: ஒருவருடைய விசுவாசம் அவருடைய உணர்வை மட்டும் நம்பி நிற்கவேண்டியதில்லை, அவர் பாட இயலாத நாளிலும் சபை பாடுகிறது.

பந்தல் பிரித்ததும் உற்சாகம் அடங்கிவிடும் என்பது அடுத்த ஐயம். ஆண்டுக் கூட்டத்தை மட்டும் நம்பினால் அது உண்மையாகும். பக்த் சிங் அப்போஸ்தலர் 2:42இன் நான்கு தூண்களான உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகியவற்றை வாரந்தோறும் வலியுறுத்தியது இதனால் பொருள் பெறுகிறது. எப்ரோன் ஆராதனையில் ஒரே போதகர் எல்லாவற்றையும் நடத்துவதில்லை. விசுவாசிகள் ஒருவர்பின் ஒருவராகத் துதி ஏறெடுக்க, அதன்பின் அப்பம் பிட்கப்படும். சோர்ந்தவர் வாய் திறக்காமலே அதில் பங்குபெறலாம்.

ஓர் எல்லையை இங்கே குறிப்பது அவசியம். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, வாழும் விருப்பமே அற்றுப்போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் வேண்டும். அதை விசுவாசக் குறைவு என்று கண்டிப்பது கொடுமை.

பக்த் சிங்கும் இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் பிரசங்கிக்க இயலாமல் இருந்து, 2000 செப்டம்பர் 17 அன்று ஹைதராபாத்தில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கூடுகை முறை இன்றும் தொடர்கிறது. இதைப் பின்பற்ற விரும்பும் சபைகள் பெரிய பந்தலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்டவரின் வீட்டுக்கு அந்த வாரத்திலேயே யாரேனும் போகட்டும். வேதப் புத்தகத்தோடு ஒரு சாப்பாட்டுக் கேரியரும் கையில் இருக்கட்டும்.